அஞ்சும் உயிரைப் பழக்குதல்

வீட்டில் ஒரு பூனையை வளர்க்கின்றோம். வேளை தவறாது சோறிடுகின்றோம். மழைக்கு ஒதுங்க இடந்தருகின்றோம். ஆயினும் அது மனிதர் காலடியோசை கேட்டவுடன் அலமாரிக்குப் பின்னே ஓடி ஒளிகின்றது. “இட்ட சோற்றுக்கு நன்றியில்லாப் பிராணி” என்று பலர் சினந்து கூறுவர். சோறிட்டமையால் மட்டும் ஓர் உயிரின் நம்பிக்கையைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகிவிடுமா? இதுவே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

முதற்கண், அச்சம் ஒரு குற்றமன்று என்பதை உணர்தல் வேண்டும். பூனைக்குட்டி பிறந்த 2ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 7ஆம் வாரம் வரையுள்ள காலமே அது மனிதரோடு பழகக் கற்கும் பருவம் என விலங்கியல் அறிஞர் கண்டுள்ளனர். அப்பருவத்தில் மனிதர் கை மென்மையாகப் பட்டு வளர்ந்த குட்டி, பின்னர் மனிதரைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை. லயத்தின் பின்புறக் கால்வாயோரம் பிறந்து, கல்லெறியையும் விரட்டலையுமே கண்ட குட்டியோ, மனிதனைப் பகைவன் என்றே கற்றுக்கொள்கின்றது. அது கற்ற பாடம் பிழையன்று. கற்பித்தவர் செயலே பிழை.

அச்சத்தைப் போக்கச் சிலர் கையாளும் வழி யாது? ஒளிந்திருக்கும் பிராணியை இழுத்து, மடியில் அமுக்கி, “பழகிவிடும், பழகிவிடும்” என்று தடவுகின்றனர். சிறிது நேரம் திமிறிய பிராணி பின்பு அசைவற்றுக் கிடக்கும். உடனே, “பார்த்தீர்களா, அடங்கிவிட்டது” என்று மகிழ்கின்றனர். அந்தோ! அடங்கியது உடலே, அச்சம் அடங்கவில்லை. தப்ப வழியில்லை என்று கண்ட உயிர் முயற்சியைக் கைவிட்டது, அவ்வளவே. மறுநாள் அது முன்னினும் ஆழமாக ஒளிவதே இதற்குச் சான்று.

நல்ல வழி இதற்கு நேர்மாறானது. ஒளிய ஓர் இடத்தை நாமே அளித்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தனர். பெட்டி பெற்ற பூனைகளே விரைவில் கலக்கம் நீங்கின. ஒளிய இடமிருக்கும் உயிரே துணிந்து வெளிவரும் என்பது இதனாற் பெறப்படும் உண்மை.

அடுத்து, நாள்தோறும் ஒரே வேளையில் உணவு வைத்து, சற்று விலகித் தரையில் பக்கவாட்டாக அமர்ந்திருத்தல் வேண்டும். உற்று நோக்கலாகாது, விலங்குகளிடை அது மிரட்டலாகும். கண்களை மெல்லச் சுருக்கி மெல்ல இமைத்தால், பூனைகள் அணுகிவர மிகுதியும் இசைகின்றன என 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. உணவுத் தட்டைச் சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு சாண் அளவே நம் பக்கம் நகர்த்தலாம். அது நெருங்கி வந்தால் ஒரு விரலை மட்டும் நீட்டி முகரவிடலாம். கன்னத்தை உரசினால் சிறிது தடவி, உடனே நிறுத்திவிடல் வேண்டும். மேலும் வேண்டுமா, போதுமா என்பதை அதுவே சொல்லட்டும். விருந்தினரையும் குழந்தைகளையும் ஒருவர் பின் ஒருவராகவே பழக்குதல் நலம். இதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

இவ்வளவு பொறுமையும் யாருக்காக? பிராணியின் நலத்துக்காகவா, நம் இன்பத்துக்காகவா? அச்சத்தால் உணவை மறுக்கும் உயிரையும், நோயுற்றபோது மருத்துவர் தொட இடந்தராத உயிரையும் பழக்குதல் அதன் நலத்துக்கே. ஆனால் நன்கு உண்டு உறங்கி, நம் மடிக்கு மட்டும் வராத பூனையை வற்புறுத்துவது நம் ஆசைக்கேயாம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் உணவு, உறைவிடம், நோவினின்று காத்தல் ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாக்கியுள்ளது. நம்பிக்கை வைக்கும்படி விலங்குக்குக் கட்டளையிடும் சட்டம் யாண்டும் இல்லை. பேணுதல் நம் கடன். நம்பிக்கையோ அவ்வுயிரின் கொடை. கடனைச் செலுத்தியவன் கொடையை அதட்டிக் கேட்டல் தகுமோ?

அச்சத்தை அன்பென்றும் மரியாதை என்றும் மயங்குவது விலங்கினிடத்தோடு நிற்பதன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. துரைமாரும் கிராணிமாரும் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. இறங்கி நின்றவனைக் கண்டு “என்ன மரியாதை!” என்று உவந்தவர், மடியில் அசைவற்றுக் கிடக்கும் பூனையைக் கண்டு “என்ன பாசம்!” என்று உவப்பவரை ஒத்தவரே. தொழிலாளியை விலங்கென்று நாம் கூறவில்லை. ஏமாந்த கண் இரண்டிடத்தும் ஒன்றே என்கின்றோம். தோட்டத்தில் கணக்கெழுதும் நம்போன்றோர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

வலிமையுடையவன் தன் வலிமையை ஒதுக்கிவைத்துக் காத்திருந்தாலன்றி, மெலியவனது உள்ளம் அவனுக்குத் தெரியவராது. ஓடிச்செல்ல வழியிருந்தும் ஓடாது நம்மருகே வந்து அமரும் உயிரே நம்மை நம்பிய உயிர். ஆதலின் கதவைத் திறந்தே வையுங்கள். கையை நீட்டி, காத்திருங்கள். வந்தால் மகிழுங்கள், வாராவிடினும் சோற்றைக் குறையாதீர்கள்.