பெட்டியின் முன்னே குதிக்கும் பிள்ளை



தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்று கைகால் வீசி ஆடும் வீடியோ விளையாட்டைப் பற்றி, "சாமி, பிள்ளைகள் இதை ஆடலாமா? இது தேகப்பயிற்சியா, வீண் பொழுதுபோக்கா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கத் தகுந்த கேள்விதான்.

முதலில் விஷயம் இன்னதென்று பார்ப்போம். 1998-ல் ஜப்பானில் கொனாமி கம்பெனியார், தரையிலுள்ள அம்புக்குறிகளை மிதித்து ஆடும் நடன விளையாட்டை வெளியிட்டார்கள். 2006-ல் நின்டென்டோ கம்பெனியாரின் 'வீ' வந்தது. கையிலுள்ள கருவியை வீசினால் திரையில் பந்து பறக்கும். 2007-ல் ஏறி நிற்கும் பலகையும், 2019-ல் அழுத்தியும் இழுத்தும் ஆடும் வளையமும் வந்தன. 2020-ல் ஊரடங்கினால் பள்ளியும் மைதானமும் மூடியபோது, பல தேசங்களில் குடும்பங்கள் இவற்றை நாடின.

விளையாட்டு தன்னிலே குற்றமா? அல்ல. களைத்த சரீரத்துக்கு ஓய்வு போல, களைத்த மனதுக்கு விளையாட்டு அவசியம் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதித்தார். அளவறிந்து விளையாடுவதைப் புண்ணியங்களில் ஒன்றாகவே எண்ணினார். 5 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் தினம் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் கூறியது. மலையடிவாரத் தோட்டங்களில் யானை இறங்கும் நம் தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலோ, பொழுது சாய்ந்தபின் பிள்ளைகளை வெளியே விட முடிவதில்லை. ஆகவே வீட்டுக்குள் ஆடுவது நன்மையே.

ஆனால் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, நேர்மை. 'வீ' டென்னிஸ் ஆட்டத்தை நாற்காலியில் சாய்ந்தபடியே, மணிக்கட்டை மட்டும் அசைத்து ஜெயிக்கலாம். கருவி ஏமாறும், இருதயமும் நுரையீரலும் ஏமாறா. யாரும் பாராதபோதும் உழைப்பை ஒழுங்காகச் செய்யப் பிள்ளை இங்கேயே பழகட்டும்.

இரண்டாவது, மானம். மேற்சொன்ன பலகை, ஏறி நிற்பவரின் எடையை நிறுத்து, உயரத்தோடு கணக்கிட்டு, "அதிகம்" என்று தீர்ப்பும் சொல்லும். வளரும் பிள்ளையின் எடையை வைத்தியர் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்தே மதிப்பிடுவார். அதையெல்லாம் விட்டுவிட்டு, கூடப்பிறந்தவர்கள் முன்னிலையில் ஒரு பெண் குழந்தையைக் 'குண்டு' என்று சிரிப்பது பிறர்சிநேகத்துக்கு விரோதம். சிரிப்பவர் தகப்பனாயிருந்தால் காயம் இன்னும் ஆழம். சரீரம் சர்வேசுரன் தந்த கொடை. அது பரிகாசப் பொருளல்ல.

மூன்றாவது, துணை. சடுகுடுவிலும் பாண்டியிலும் பிள்ளை தோற்கவும், விட்டுக்கொடுக்கவும், சண்டையிட்டுச் சமாதானமாகவும் கற்கிறது. கருவி புள்ளி போடும். கோபித்துக்கொள்ளாது, மன்னிக்கவும் செய்யாது. "பெட்டி பார்த்துக்கொள்ளும்" என்று பிள்ளையை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் செல்போனில் மூழ்கினால், குறை கருவியினுடையதல்ல, நம்முடையது.

ஆகையால், வெளிச்சமுள்ளவரை ஆண், பெண் இருபாலாரும் வாசலிலும் மைதானத்திலும் ஆடட்டும். பெண்பிள்ளையை வீட்டுக்குள் நிறுத்திவைக்க இந்தக் கருவி சாக்காக வேண்டாம். மழையிலும் இருட்டிலும் பெட்டியின் முன் ஆடலாம். அப்போது தாய் தகப்பனும் எழுந்து சேர்ந்து ஆடுங்கள். கருவி வாங்க வசதியில்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கடன்பட்டு ஒருவரும் இதை வாங்க வேண்டியதில்லை. கயிறு தாண்டினாலும் மூச்சு வாங்கும்.