கடப்பாடும் கட்டாயமும்: ஸ்பானிய இறந்தகால வினையை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

"அவர்கள் வேலை செய்ய வேண்டியிருந்தது" என்று தமிழிற் கூறும்போது வேலை நடைபெற்றதா இல்லையா என்பது வெளிப்படுவதில்லை. ஸ்பானிய மொழியிற் பேசுவோருக்கு இந்த வசதி கிடையாது. 'தெனீயான் கே' எனில், கடப்பாடு இருந்தது. அது நிறைவேறியதா என்பது திறந்த வினாவாகவே நிற்கும். 'தூவியெரோன் கே' எனில், கடப்பாடும் இருந்தது, செயலும் நிகழ்ந்து முடிந்தது. "செய்ய வேண்டியதாயிற்று" என்னும் நமது வழக்கு பின்னையதற்கு அணித்தானது. ஆயின் நாம் விரும்பினால் அதனைக் கையாளலாம், விரும்பாவிடின் விடலாம். ஸ்பானியருக்கோ வினைவடிவமே தெரிவை வற்புறுத்துகின்றது.

இதனை இலக்கண நுட்பமென்று மட்டும் கொண்டு அப்பாற் செல்லவியலாது. கடப்பாடும் செயலும் ஒரே வினைமுற்றினுள் ஒடுங்கும்போது, அவ்விரண்டுக்கும் இடையே மனிதன் நின்று முடிவெடுத்த கணம் மறைந்துபோகின்றது. அதனாலேயே இவ்வடிவம் சாட்டுச் சொல்வதற்கு மிக வாய்ப்பானது.

பொதோசி வெள்ளிச் சுரங்கங்களை எடுத்துக்கொள்வோம். 1570களில் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ வகுத்த ஒழுங்கின்படி, அந்தீசு மலைநாட்டு மாகாணங்கள் பலவற்றிலிருந்து வயதுவந்த ஆடவருள் ஏழிலொரு பங்கினர், ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர், முறைவைத்து அனுப்பப்பட்டனர். கெச்சுவா மொழியில் 'முறை' எனப் பொருள்படும் 'மித்தா' என்பதே அதன் பெயர். இவர்களைப் பற்றி எழுதுவோன் எவ்வடிவத்தைக் கையாள வேண்டும்? எல்லோரையும் 'தூவியெரோன் கே' என்று எழுதின், ஊரைவிட்டு ஓடி வேற்றூர்களில் 'அயலார்' எனப் பதியப்பட்டு மித்தாவினின்று தப்பிய ஆயிரக்கணக்கானோர் அவ்வாக்கியத்தினின்று நீக்கப்படுவர். 'தெனீயான் கே' என்பது அவர்களுக்கும் இடமளிக்கின்றது. கட்டளை இருந்தது, அதற்கு அவர்கள் உடன்படவில்லை.

மூன்றாவது சொல்லொன்றும் உண்டு. 'தெபேர்' என்பது கடன்படுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்தது. 'தெனேர் கே' பெரும்பாலும் புறநிலை நெருக்கடியையும், 'தெபேர்' பெரும்பாலும் ஒருவன் மேலுள்ள கடமையையும் சுட்டும். (வழக்கில் எல்லை கலங்குவதுண்டு, எந்த மொழியிற்றான் கலங்காது?) முடியாட்சி மித்தாவைக் குடிகளின் கடமையென்றே பேசியது. ஆயின் சுரங்கத்தில் இறங்கியவன் எவருக்கும் எதுவும் கடன்பட்டவனல்லன். அவனளவில் 'தெபேர்' பொய். 'தெனேர் கே' மெய்.

சுரங்க உடைமையாளர் கூற்றை நோக்கின் நிலை தலைகீழாகின்றது. மித்தா ஆட்களை ஏவ வேண்டியதாயிற்று, இன்றேல் வெள்ளி இல்லை என்பதே அவர்தம் வாதம். இது நிற்குமா? 'மிங்கா' எனப்பட்ட கூலியாட்கள் கூடுதற் கூலிக்கு அதே மலையில் வேலைசெய்துகொண்டுதான் இருந்தனர். மேலும், ஆள் குறைந்தவிடத்து ஊர்த்தலைவரான குராக்காக்களிடம் பணம் பெற்று, வேலை எதுவும் செய்வியாமலே அதனை மடியிற் கட்டிக்கொண்ட உடைமையாளரும் பலர். இவ்வாறு வந்த ஆட்களுக்குச் 'சட்டைப்பை இந்தியர்' என்ற பெயரே வழங்கிற்று. பையில் இட்ட பணத்தை எந்த நெருக்கடி இடுவித்தது? இவர்களைப் பற்றிச் சொல்லத்தக்கது 'தெபியெரோன் நெகார்சே' என்பதே. மறுத்திருக்க வேண்டும், மறுத்திலர். காதிசில் கூடிய பேரவை 1812 இல், குவாயாக்கில் நகரத்துப் பிரதிநிதி ஒல்மேதோவின் உரையையடுத்து, மித்தாவை ஒழித்தது. அதுவரை ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் அந்தச் சாட்டு செல்லுபடியாயிற்று.

குராக்காவின் நிலை கடினமானது. தன் ஊராரைத் தானே எண்ணி அனுப்பினான். எண்ணிக்கை குறைந்தால் தன் உடைமையிலிருந்து ஈடுசெய்தான், தண்டனையும் ஏற்றான். 'தூவே கே' என்று அவன் சொன்னால், பாதி உண்மையென்று கொள்ளலாம். மற்றப் பாதியைத் தீர்மானிக்க வேண்டுமாயின், அவன் அனுப்பியோருள் தன் மைந்தன் இருந்தானா என்று கேட்கவேண்டியிருக்கும்.