விதை உருண்டையும் தர்மமே



ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்தோ விதைத்ததிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாகும் என நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதை புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். ‘சொந்த நிலமில்லாத நாங்கள் எங்கே நடுவது?’ எனத் திருத்தணிப் பக்கத்து ஏழைத்தாய் கேட்கலாம்.

வழி எளிது. களிமண்ணையும் மக்கிய சாணத்தையும் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி, உள்ளே ஓரிரு விதை வைத்து நிழலில் உலர்த்தி, மழைக்கு முன் இடுவோம். ஜப்பானிய விவசாயி ஃபுக்குவோக்கா பரப்பிய முறை இது. மண்ணுறை எறும்பிடமிருந்து விதையைக் காக்கும், மழையில் கரையும். வேம்பும் புங்கமும் நம் மண்ணுக்கு ஏற்றவை. வேப்பங்கொட்டை நாட்பட்டால் முளைக்காது. பழம் உதிர்ந்ததும் உருட்டவேண்டும். சீமைக் கருவேலம் வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! பிறர் நிலத்தில் அனுமதியின்றிப் பயிரிட்டவருக்கு விளைச்சலில் உரிமையில்லை என்பதும் நபிமொழியே. ஆகவே பட்டா நிலமாயின் உடையவரிடமும், ஏரிக்கரையாயின் ஊராட்சியிடமும், மலைச்சரிவாயின் வனத்துறையிடமும் கேட்டபின்பே இடுவோம். நன்மையின் பெயரால் பிறர் ஹக்கைப் பறிக்கலாகாது.

செய்த உருண்டைகளில் பாதியை அண்டை வீட்டாருக்குக் கொடுப்போம். அவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாரே. மலைக்கோயில் செல்லும் வழிப்போக்கரும் அந்நிழலில் இளைப்பாறட்டும். நபிமொழி ‘மனிதன்’ என்றே கூறுகிறது.

இட்டவை யாவும் முளைக்கா. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. முளைத்ததற்கு, ஒளுச் செய்த நீரையேனும் ஊற்றுவோம்.

அல்லாஹ் நம் நிய்யத்தை ஏற்றருள்வானாக! ஆமீன்.