ஏரும் காமிராவும்

கோடை விடுமுறையில் தாயகம் செல்லும் நம்மவர் பலர், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவைக் கண்டு வருகின்றனர். தென்னாட்டு ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து, அங்கே திறந்த வெளியில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். தஞ்சை வட்டார உழவர் இல்லமும் அவற்றுள் ஒன்று. அத்திண்ணையை அடைந்ததும் நம் கை தானாகவே காமிராவை நாடுகிறது.

ஒருமுறை அங்கே, உரலும் உலக்கையும் சாய்வெயிலில் அழகுறத் தோன்றும் கோணம் தேடி நெடுநேரம் மண்டியிட்டிருந்தோம். உடன் வந்த தாயார், “படத்தில் நன்றாகத்தான் இருக்கும், விடியுமுன் எழுந்து நெல் குத்தியவளுக்குத்தான் அதன் கனம் தெரியும்” என்றார். பிறர் பட்ட பாட்டை நாம் அழகுப் பொருளாக்கிக் கொள்வது முறையாகுமா?

புகைப்படக் கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சுவீடன் நாட்டில் ஆர்தர் ஹேசலியஸ், ஆலைத் தொழிலால் மறைந்துவந்த கிராம வாழ்வைக் காக்க எண்ணி, 1891-இல் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தை அமைத்தார். கைநழுவிப் போவதை நிறுத்தி வைக்கும் ஆசைக்கு இவ்விரண்டும் துணை நிற்கின்றன. அந்த ஆசை குற்றமன்று. ஆயினும், நிறுத்தி வைக்கும்போதே சில உதிர்ந்து போகின்றன. கலப்பை படத்தில் விழுகிறது. அதைத் தோளில் சுமந்தவனின் வலி விழுவதில்லை. நிலமுடையார் வீடு நிலைத்தது. அந்நிலத்தில் நாற்று நட்டவளின் மண்குடிசை பெரும்பாலும் மழையோடு கரைந்தது. நம்முள் பலர் ஊரை விட்டு வந்ததும் அவ்வாழ்வின் கடுமை தாளாமல் அன்றோ? விட்டு வந்த வாழ்வை இன்று இனிமையாக மட்டுமே காட்டினால், நம் மக்களுக்கு நாம் பாதி உண்மையையே தருகிறோம்.

இதற்காகக் காமிராவைக் களைந்துவிட வேண்டுவதில்லை. படம் எடுக்குமுன் உடனிருக்கும் முதியோரிடம் கேட்டறிவோம். பளபளப்பை விட்டு, மேழியில் கை பட்டுத் தேய்ந்த இடத்தைத் தேடுவோம். படத்தின் பின்புறம் மேழி, நுகம், குதிர், மரக்கால் என்று பெயரையும், அதனோடு உழன்றவர் யார் என்பதையும் எழுதி வைப்போம். அயலூரில் வளரும் நம் குழந்தைகள் அப்பெயர்களை அறிய வேறு வழி அரிது.

அன்று தாயாரை உரலருகே நிற்கச் சொன்னோம். அவர் மறுத்தார், கைகளை மட்டும் நீட்டினார். அந்தப் படத்தையே இன்றும் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம்.