நனைந்த தானியமும் விறைத்த வண்டும்



திருமறையின் 16ஆம் அத்தியாயத்திற்குத் தேனீயின் பெயர். 27ஆம் அத்தியாயத்திற்கு எறும்பின் பெயர். 29ஆம் அத்தியாயத்திற்குச் சிலந்தியின் பெயர். அற்ப ஜந்துக்கள் என்று நாம் மிதித்துச் செல்பவற்றையே வல்ல அல்லாஹ் நமக்குப் பாடமாக வைத்திருக்கின்றான். ஆகவே அவற்றை உற்றுப் பார்ப்பது வீண் பொழுதுபோக்கன்று. படைப்பைச் சிந்திக்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

நாம் பிழைக்க வந்த சிங்கப்பூர் அதற்கு ஏற்ற ஊர். 1854ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் ஆங்கில இயற்கை ஆராய்ச்சியாளர் புக்கிட் தீமாவில் தங்கினார். சுமார் இரண்டே மாதங்களில், பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத காட்டிலிருந்து, 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அந்தக் குன்றின் காடு இன்று இயற்கைக் காப்பகமாகப் பேணப்படுகிறது. ஊரில் மாமரத்தில் நாம் கண்ட முசுறு இங்கும் இலைகளை வளைத்து, தன் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டுகிறது. வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத அந்தத் தையலை இன்று உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகின்றனர் 'மேக்ரோ' நிழற்படக்காரர்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கக் கூடும்.

இத்தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. இவ்வளவு நெருங்கிப் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். கண் தெளிந்தால் கால் மங்கிவிடும். ஆகையால் கருவியை இம்மி இம்மியாக நகர்த்தி, பல படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்க்கின்றனர். அதுவரை பூச்சி அசையக் கூடாது. பொறுமையுள்ளவர் அது ஓய்ந்திருக்கும் வேளைக்காகக் காத்திருப்பார். பொறுமையற்றவருக்கோ ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பூச்சியின் உடற்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. அதைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் விறைத்துப் போகும். பிறகு இலைமேல் வைத்துப் படம்பிடித்து, 'காட்டில் கண்டவாறே' என்று கீழே எழுதிவிடலாம்!

இதில் குற்றம் என்ன? சூடேறினால் பூச்சி எழுந்து போய்விடும். பார்ப்பவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை என்று சிலர் கேட்கக் கூடும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்ட வரலாறு நாம் அறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அண்ணலார் அறிவித்தார்கள். நனைந்ததற்காக அவ்வியாபாரி கண்டிக்கப்படவில்லை, மறைத்ததற்காகவே கண்டிக்கப்பட்டார். வாலஸும் வண்டுகளைக் கொன்று ஐரோப்பாவுக்கு அனுப்பி விற்றவரே. ஆனால் செத்த வண்டைச் செத்த வண்டென்றே விற்றார். குளிரூட்டிய பூச்சியைக் குளிரூட்டியது என்று எழுதுபவர் பொய்யராகமாட்டார். எழுதாதவர், தாம் காத்திராத காத்திருப்புக்குப் புகழ் என்னும் கூலியைப் பெறுகிறார்.

2017ஆம் ஆண்டில் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்திய போட்டியில், வண்டுப் புழுக்கள் ஒளி வீசும் கரையான் புற்றருகே எறும்புத்தின்னி நிற்கும் ஒரு படம் பரிசு பெற்றது. அந்த விலங்கு பாடம் செய்யப்பட்ட உடல் என்று நிபுணர்கள் கருதியதால் 2018இல் பரிசு பறிக்கப்பட்டது. எடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆயினும் அப்புழுக்கள் தாமாகச் சிந்திய ஒளியையும் பிறகு யாரும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. ஒரு மூட்டையில் கலப்படம் என்ற பேச்சு எழுந்தால், கடையிலுள்ள நல்ல மூட்டைகளுக்கும் அதே கதிதான்.

வாயில்லாப் பூச்சிக்கும் ஒரு உரிமை உண்டு. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புக் கூட்டத்தையே எரித்த முற்கால நபி ஒருவரை இறைவன் கண்டித்தான் என்பது ஹதீஸ். கடித்த எறும்புக்கே அவ்வளவு நீதி என்றால், கடிக்காத பூச்சியை நம் புகழுக்காக வதைக்கலாமா? காப்பகத்தில் அனுமதியின்றி உயிரினங்களைப் பிடிப்பது இந்நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

பிறர் குற்றத்தைப் பேசி நாம் நல்லவராகிவிட முடியாது. சிராங்கூன் சாலையிலும் தேக்காவிலும் கடை வைத்திருக்கும் நாமும், நல்ல சரக்கை முகப்பில் அடுக்குகிறவர்களே. துணியின் நிறத்தை வாடிக்கையாளர் பார்ப்பார். இரண்டு முறை துவைத்தால் என்னாகும் என்பதை நாமே அறிவோம். மிளகாயின் மேல்பரப்பை அவர் பார்ப்பார். மூட்டையின் அடியை நாமே அறிவோம். படம் பார்ப்பவர் காட்டுக்குப் போய்ச் சரிபார்க்க முடியாது. வாங்குபவர் நம் கிடங்குக்குள் வர முடியாது. எதிரிலிருப்பவரின் கண் எட்டாத இடத்திலேதான் நம் நேர்மைக்குச் சோதனை. அவர் பார்க்க முடிந்த இடத்தில் நாம் நேர்மையாயிருப்பது பெரும்பாலும் எச்சரிக்கை மட்டுமே.

எறும்பின் காலடியையும் அறிந்த இறைவன் மூட்டையின் அடியையும் அறிவான். நனைந்ததை மேலே வைக்கும் துணிவை அவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.