உறங்கும் உயிரும் காப்போர் கடமையும்

வெங்காயத்தையும் பூண்டையும் உண்ணலாமா என்பது சமயங்கள் நெடுங்காலமாக விவாதித்து வரும் வினா. அவற்றை அறுவடை செய்து, உலர்த்தி, மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பவர் எதை வைத்திருக்கிறார் என்பது அதனோடு சேர்த்து ஆராய வேண்டிய வினாவாகும். இவ்வினாவுக்கு வேலூரின் சத்துவாச்சாரிப் பகுதியும் அதைச் சூழ்ந்த வேலூர், ஆம்பூர் வட்டாரமும் பொருத்தமான களமாக அமைகின்றன. பாலாற்றுக்கு வடக்கே வள்ளிமலையில் 9ஆம் நூற்றாண்டில் கங்க மன்னன் இராசமல்லன் எடுப்பித்த சமணக் குகைப்பள்ளி இன்றும் உள்ளது. சமண நெறி வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகளை அனந்தகாயம் என்று வகுத்து, அதாவது ஓருடலில் எண்ணிறந்த உயிர்கள் உறையும் பொருள்கள் என்று கொண்டு, அவற்றை விலக்குகிறது. அதே வட்டாரத்தில் பெருந்தொகையாக வாழும் இசுலாமியரின் மரபோ அவற்றை உண்பதைத் தடுக்கவில்லை. பச்சையாக உண்டவர் அவற்றின் வாடை நீங்கும்வரை பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று மட்டும் நபிமொழி அறிவுறுத்துகிறது. முன்னது உண்ணப்படும் உயிரையும், பின்னது உடனிருந்து தொழும் மனிதரையும் கருதி எழுந்த நெறி.

உலர்த்தும் முறையைக் கூர்ந்து நோக்கினால் சமணரின் கருத்துக்கு வலிமை கூடுகிறது. சின்ன வெங்காயத்தின் தாள் பழுத்துச் சாயத் தொடங்கியதும் நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, காயைப் பிடுங்கி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடுமாறு பரப்பிச் சில நாள் காயவிடுவர். வேலூரின் கோடை வெயில் நேரே பட்டால் காய் வெந்துவிடும் என்பதால் வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததை நிழலில் பரப்புவதே நல்லது. கழுத்து ஈரமற்றுச் சுருங்கி, மேல்தோல் சருகானபின், கழுத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவு விட்டுத் தாளை அறுப்பர். பெரம்பலூர் உழவர் அதனைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய, பக்கமெல்லாம் காற்று நுழையும் பட்டறையில் சேமிப்பர். கொடைக்கானலில் மலைப்பூண்டைத் தாளோடு கொத்தாகக் கட்டிப் புகைபடும் இடத்தில் தொங்கவிடுவர். இவை அனைத்திலும் உலர்வது புறத்தோலும் கழுத்துமே. உள்ளிருக்கும் சதைப்பற்று ஈரத்தோடிருந்து, மெல்ல மூச்சுவிட்டு, தன் உணவைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு, பருவம் வரும்போது முளைவிடுகிறது. ஆம்பூர்த் தோல் மண்டியில் உப்பிட்டு அடுக்கப்படும் தோலும் ஈரம் நீக்கப்பட்டே காக்கப்படுகிறது. ஆயினும் அங்கே காக்கப்படுவது உயிர் நீங்கிய உடல், இங்கே காக்கப்படுவது உறங்கும் உயிர்.

பின்னர் உண்பதற்காகவே காக்கப்படுவதால், இது தள்ளிவைக்கப்பட்ட கொலையே என்று சமணர் கூறினால், அதனை எளிதில் மறுத்துவிட இயலாது. உலர்த்தும் பொறுமை உண்பவரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. மாறாக, உயிருள்ள ஒன்றைத் தம் பொறுப்பில் ஏற்றவர் என்னும் நிலையில் அவரை நிறுத்துகிறது. அப்பொறுப்பிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, அழுக விடாமை: ஒரு காய் அழுகினால் ஈரமும் பூஞ்சணமும் அடுத்தவற்றுக்குப் பரவுமாதலின், வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று வீசும் நாள்களில் குவியலைப் புரட்டிப் பார்த்து, கெட்டதை நீக்குவது உயிர்களை வீணே மாளவிடாமல் காக்கும் அறச்செயலாகிறது. இரண்டாவது, விதைக்கென ஒதுக்குதல்: சின்ன வெங்காயமும் பூண்டும் பெரும்பாலும் காயையும் பல்லையும் ஊன்றியே பயிராவதால், திரண்ட நல்ல காய்களை உண்ணாமல் மண்ணுக்குத் திருப்புவது அவ்வுயிரின் தொடர்ச்சியை மதிப்பதாகும். மூன்றாவது, அளவறிதல்: சமண இல்லறத்தாருக்குரிய நோன்புகளுள் ஒன்று, உடைமைக்கு எல்லை வகுத்துக்கொள்வது. அந்நோன்பை ஏற்காதவரும் தம் வீட்டுக்கு மிஞ்சியதை முளைக்குமுன் அயலாருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆதலால், விலக்கும் சமணரும் உண்ணும் இல்லறத்தாரும் ஒரே உண்மையின் முன் நிற்கின்றனர். உயிர் இருக்கிறது என்று அறிந்து ஒருவர் கையை விலக்கிக்கொள்கிறார். மற்றவர் அதை அறிந்தும் கையில் எடுக்கிறார். எடுப்பவருக்குரிய அறம், எடுத்ததில் ஒரு காயும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதும், அடுத்த விளைச்சலுக்கு உரியதை உண்ணாமல் வைப்பதுமே ஆகும்.