மேடையும் துண்டுச் சீட்டும்

மேடையேறிப் பேசப் பயில்வோர் நம்மிடம் பெரும்பாலும் கேட்பது ஒன்றே: அச்சம் நீங்க என்ன வழி? அச்சம் அத்துணை பெரிய பகையன்று என்பதே நம் கருத்து. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா நபி (அலை) அவர்களே, தம் நெஞ்சை விரிவாக்குமாறும், பணியை எளிதாக்குமாறும், நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும் இறைவனிடம் இறைஞ்சியதைத் திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயம் கூறுகிறது. முதலில் நெஞ்சு; நாவு அதன் பின்னர்தான். அதுவும் கேட்போர் வியப்பதற்காகவன்று, விளங்கிக்கொள்வதற்காக.

நாவின் குறையைப் பயிற்சியால் வெல்லலாம். கி.பி. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த வாஸில் இப்னு அதாவுக்கு ‘ரா’ என்னும் எழுத்து நாவில் சரியாக வரவில்லை. அவ்வெழுத்து வரும் சொற்களையெல்லாம் விலக்கி ஒரு முழு உரையையே அவர் நிகழ்த்தினார் என்று அரபு இலக்கியத்தார் வியந்து பேசுவர். அது எத்துணை அரிய செயல் என்பதை ஓதிப் பழகிய நம் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் உரை முடிந்து வினாக்கள் தொடங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. உரையில் சொற்களைத் தேர்ந்தெடுப்பவர் பேசுபவர், வினாவிலோ, கேட்பவர். துணிவு உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான். நாம் அங்கே தோற்ற கதை ஒன்று உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரின் மீலாது விழாவில் பேசினோம். உரை நன்றாக அமைந்தது. பின்னர் துண்டுச் சீட்டுகள் வந்தன. அவற்றுள் ஒன்று: ‘தகப்பனை இழந்த பேரனுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கு உண்டா?’ நாம் ஒரு கணமும் தயங்கவில்லை. பாட்டனாருக்கு வேறு மகன் உயிருடன் இருந்தால் பேரனுக்குப் பங்கில்லை என்று சொல்லி, அடுத்த சீட்டைப் பிரித்தோம். அந்த விரைவுக்கே கைதட்டல் கிடைத்தது.

மறு ஆண்டு அதே ஊருக்குச் சென்றபோதுதான் சீட்டின் வரலாறு தெரிந்தது. எழுதியவர் பதினேழு வயதுப் பையன். அன்று அவனுடைய பாட்டனார் உயிருடன் இருந்தார். அதே கூட்டத்தில்தான் அமர்ந்திருந்தார். நம் பதிலைக் கேட்டு, மார்க்கம் இவ்வளவுதான் போலும் என்று எண்ணி வாளாவிருந்துவிட்டார். சில மாதங்களில் அவர் மௌத்தாகிவிட்டார். வாரிசாக வராத அப்பேரனுக்குத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் எழுதிவைக்க அவருக்கு உரிமை இருந்தது. அதனை நாம் அறியாதவர்களல்லர், சொல்லவில்லை, அவ்வளவுதான். இத்தகைய பிள்ளைகளின் நிலையைக் கருதி எகிப்து 1946-இல் அந்த வஸிய்யத்தைக் கட்டாயமாக்கியதையும், பாகிஸ்தான் 1961-இல் பெற்றோரின் பங்கைப் பேரப்பிள்ளைகளுக்கே அளித்துச் சட்டம் செய்ததையும் படித்திருந்தோம். பின்னதில் ஆலிம்களுக்கு உடன்பாடில்லை என்பதும் நமக்குத் தெரியும். இத்தனையும் தெரிந்த நமக்கு, ‘பாட்டனார் இருக்கிறாரா, தம்பி?’ என்று ஒரு சொல் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

நாம் சொன்ன சட்டம் பிழையன்று. அதுவே நம்மை இன்றும் உறுத்துகிறது. பிழையாகச் சொல்லியிருந்தால் ஊர் ஆலிம் ஒருவர் எழுந்து திருத்தியிருப்பார். சரியான பாதியை உறுதியான குரலில் சொன்னவரை யார் திருத்துவது? வினாவை ஒரு பந்தாக எண்ணித் திருப்பி அடித்தோம். அதை எழுதிய கையை எண்ணவில்லை.

மதீனாவின் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நாற்பத்தெட்டு வினாக்கள் கேட்கப்பட்டபோது, முப்பத்திரண்டுக்குத் தெரியாது என்றே விடையளித்தார்கள் என ஓர் அறிவிப்பு உண்டு. ஹிஜ்ரி 179-இல் மறைந்த அப்பெரியார், ‘முவத்தா’வைத் தொகுத்தவர்கள். அத்தகையோர் அவையில் கூசாமல் சொன்ன சொல்லை, ஒலிபெருக்கியின் முன் நின்ற நாம் ஏன் சொல்லக் கூசுகிறோம்? தெரியாது என்பவரை மக்கள் மதிக்கமாட்டார்கள் என்று நண்பர் ஒருவர் வாதிடுவார். அவர் பேச்சிலும் ஓரளவு நியாயம் உண்டு. படிக்காமல் வந்துவிட்டு, அடக்கத்தின் பெயரால் தெரியாது என்பவரை நாமும் மதிப்பதில்லை. இமாமவர்களின் ‘தெரியாது’ தேடிக் களைத்தவரின் சொல், சோம்பலின் மறைப்பன்று.

இப்பொழுதெல்லாம் குடும்பம், சொத்து, மணவிலக்கு பற்றிய சீட்டு வந்தால், எழுதியவர் விரும்பினால் கூட்டம் முடிந்தபின் நம்மைச் சந்திக்கலாம் என்று சொல்லிவிடுகிறோம். விழாக் குழுவினருக்கு இதில் வருத்தந்தான்; நிகழ்ச்சி சுவைப்படுவதில்லையாம். சென்ற ஆண்டு ஒரு சீட்டைப் படித்துவிட்டு, இதற்கு விடை தெரியவில்லை, ஹஜ்ரத் ஒருவரிடம் கேட்டு எழுதுகிறோம் என்றபோது பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, முக்காட்டை இழுத்துவிட்டபடி ஓர் அம்மையார் வந்து, தம் முகவரியை எழுதிய தாளொன்றை நம்மிடம் நீட்டினார்கள்.